பழைய பெயரும் வேண்டும்

ஆசிரியருக்கு,

பசிபிக் சிப்பி பற்றிய உங்கள் கட்டுரையில் ‘மகல்லானா கிகாஸ்’ என்ற அறிவியல் பெயர் மட்டுமே இருந்தது. சரி, தவறில்லை. ஆனால் 1793இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் துன்பெர்க் இதற்கு வைத்த பெயர் ‘ஆஸ்ட்ரியா கிகாஸ்’. பிறகு நெடுங்காலம் ‘கிராசோஸ்ட்ரியா’வாக இருந்து, 2017இல்தான் டி.என்.ஏ. ஆய்வின் பேரில் மகல்லானா என்ற பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் தொகுதி; அறிவியல் பெயரின் முதல் சொல் அதைக் குறிக்கும்) மாறியது. அதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. கிராசோஸ்ட்ரியா, மகல்லானா ஆகிய இரு பெயர்களும் இன்றும் புழங்குகின்றன. மாணவனாக இருந்தபோது, மங்கிய மையில் வெவ்வேறு பேரினப் பெயர் எழுதியிருந்த இரண்டு ஓடுகளை இரண்டு இனங்கள் என்றே பதிவேட்டில் எழுதிவிட்டேன். ஒன்றுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

எனவே முந்தைய பேரினப் பெயரையும், அடைப்புக்குறிக்குள் பெயரிட்டவரையும் ஆண்டையும் சேர்த்து அச்சிடுங்கள். உயிரினம் பேரினம் மாறியிருக்கிறது என்பதற்கு அந்த அடைப்புக்குறியே அடையாளம்.