ஸ்கேனர் திரும்ப ஓட உதவியவர்களுக்கு நன்றி

நீடாமங்கலத்தில் அன்று என்னோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

நவம்பர் 14, தூறல் விட்டுவிட்டுப் பெய்த மத்தியானம். சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு பதிய மறுநாள்தான் கடைசி. என் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் 19 பேர், கையில் பாலித்தீன் பையில் சுற்றிய சிட்டா, அடங்கல், பாஸ்புக். அந்த நேரம் பார்த்து ஸ்கேனர் நின்றுவிட்டது; யுஎஸ்பி சாதனம் அடையாளம் தெரியவில்லை என்று திரை மூலையில் ஒரு மெசேஜ். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 43. டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன், ரீஸ்டார்ட் செய்தேன், டிராயரில் கிடந்த வேறொரு கேபிளை மாட்டினேன், எதற்கும் அசையவில்லை. மொபைலில் படம் பிடித்தால் மங்கின அடங்கலில் சர்வே எண்ணே தெரியவில்லை. கஜா புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை; இந்த மாதத்தில் ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

தையல்கடை அக்கா, மெஷினை ஓரம் தள்ளிவிட்டு வயசானவர்களை உள்ளே உட்கார வைத்தீர்களே, அதற்கு முதல் நன்றி.

அப்புறம் பாலிடெக்னிக் படிக்கும் தங்கச்சி. வரிசையில் நின்ற உன் அப்பா போன் போட்டுக் கொடுத்தார். எடுத்ததுமே நீ கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணா, கேபிள் மாத்தின பிறகும் அந்த மெசேஜ் வருதா, இல்ல சத்தமே இல்லையா?" சத்தமே இல்லை, ஆனால் ஸ்கேனர் லைட் எரிகிறது என்றேன். "அப்ப அது சார்ஜ் போடுற கேபிள்ணா, டேட்டா போகாது. பழைய கேபிளோட கழுத்தைப் பாருங்க" என்றாய். பார்த்தேன். பிளக்கை ஒட்டி உறை வெடித்திருந்தது. பிளேடால் கீறினால் சிவப்பு, கருப்பு, பச்சை, வெள்ளை என்று நாலு வயர். கரண்ட் கொண்டுபோகும் சிவப்பும் கருப்பும் நன்றாக இருக்கின்றன, டேட்டாவுக்கான பச்சை, வெள்ளை இரண்டில் வெள்ளைதான் களிம்பேறி அறுந்து நின்றது. லைட் எரிவதை வைத்து கேபிள் சரி என்று நம்பியதில்தான் ஒரு மணி நேரம் போயிருக்கிறது. ஒரு போர்ட்டைப் பலதாகப் பிரிக்கும் ஹப்பில் ஸ்கேனரை மாட்டாதீர்கள் என்றும் நீதான் சொன்னாய். தனி அடாப்டர் இல்லாத ஹப் ஒரு போர்ட்டுக்கு 100 மில்லிஆம்பியர்தான் தர வேண்டும் என்பது கணக்கு, கம்ப்யூட்டரின் சொந்த போர்ட் 500 தரும், என் ஸ்கேனருக்கு அது முழுசாக வேண்டும்.

ஸ்டூடியோ அண்ணா, உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த கேபிளைக் கழற்றிக்கொண்டு, ரயில்வே கேட் போட்டிருக்கிறது என்று பைக்கை அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, கேட் திறந்ததும் மழையில் ஓடி வந்தீர்கள். பின்பக்க போர்ட்டில் சொருகியதும் டிடிங் என்று சத்தம் வந்தது. பெஞ்சில் இருந்த தாத்தா ஒருவர் என்னவென்று புரியாமலே கை தட்டினார்.

ராத்திரி ஒன்பது மணிக்குள் 19 பேருக்கும் ரசீது கொடுத்தாயிற்று. தங்கச்சி, உன் அப்பா மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாகத்தான் வந்தார், உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அண்ணா, புது கேபிள் வாங்கிவிட்டேன், உங்களுடையதை நாளைக்குக் காலையில் கடையில் கொண்டுவந்து தருகிறேன்.