வென்ட்ரிக்கிள் என்றால் இதயம் இல்லையாம்

சிங்கப்பூரில் மகப்பேற்று ஸ்கேன் பிரிவுகளை நடத்துவோருக்கு,

வணக்கம். எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. உங்கள் எல்லோரிடமும் சேர்த்தே கேட்க வேண்டிய விஷயம் இது.

என் மருமகள் தஞ்சாவூர்ப் பக்கம். ஆங்கிலம் வாசிப்பாள், வேகமாகப் பேசினால் பிடிபடாது. 20ஆவது வார ஸ்கேனுக்கு நான்தான் கூடப் போனேன். ஜெல் தடவி, தலைப் பக்கமே வெகுநேரம் பார்த்தார்கள். அப்புறம் மருத்துவர் வந்து ஆங்கிலத்தில் கடகடவென்று பேசிவிட்டு, “ஆண்ட்டி, நீங்களே சொல்லிடுங்க” என்று என்னைக் கைகாட்டினார். எனக்குப் பிடிபட்டது ‘வென்ட்ரிக்கிள்’, ‘பெரிசு’, ‘11 மில்லிமீட்டர்’. பள்ளிக்கூடத்தில் படித்த வென்ட்ரிக்கிள் இதயத்தில்தானே இருந்தது? “குழந்தைக்கு இதயம் வீங்கியிருக்காம்” என்று சொல்லிவிட்டேன்.

மூன்று இரவு அந்தப் பெண் தூங்கவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஊசி வழியாகப் பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கலாம் என்றும் அவர் சொன்னார். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. பயந்துவிடுவாள் என்று நான் சொல்லவே இல்லை. மாமியாரை மொழிபெயர்ப்பாளராக்கினால் இதுதான் நடக்கும்.

அடுத்த முறை வேறொரு மருத்துவர், சீனப் பெண்மணி. சந்திப்பு அட்டையைத் திருப்பிப் பேனாவால் ஒரு தலை வரைந்தார். உள்ளே வாழைப்பழம் போல இரண்டு. மூளைக்குள் நீர் நிற்கும் அறைகளாம்; அவற்றுக்கும் வென்ட்ரிக்கிள் என்றுதான் பெயராம். அகலம் 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 10 முதல் 12 வரை லேசான விரிவு, 15ஐத் தாண்டினால் கடுமையானது. லேசானதோடு வேறு குறை எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள். வேறு குறை உண்டா, மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் எம்ஆர்ஐ. எக்ஸ்ரே கதிர் கிடையாது, காந்தம்தான். அந்தப் படத்துக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

எம்ஆர்ஐ வீண் செலவோ என்று நான் முனகியதற்கு, மகன் பிரிட்டனின் மெரிடியன் ஆய்வைத் தேடிக் காட்டினான். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூளைக் குறை இருக்கலாம் என்ற 570 கருக்களில், அல்ட்ராசவுண்டில் சரியாகக் கண்டறியப்பட்டவை 68 சதவிகிதம்; எம்ஆர்ஐயும் சேர்ந்தபோது 93.

சரி, மூன்று நாள்தானே என்பீர்கள். இங்கே 24 வாரம் கடந்தால், தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற அவசரத்துக்கு மட்டுமே கருக்கலைப்புக்கு இடமுண்டு. அதற்குள் முடிவெடுத்தாலும் ஆலோசனைக்குப் பிறகு 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மூளையின் மடிப்புகளோ 20ஆவது வாரத்தில் சரியாகத் தெரியாது. இன்னும் சில வாரம் போக வேண்டும். இந்த இடுக்கில் நிற்கிறவளுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு.

கட்டுமான வேலியில்கூட நான்கு மொழியில் ‘அபாயம்’ என்று எழுதிவைக்கிற ஊர் இது. ஸ்கேனில் சந்தேகம் வந்த அன்றே, உறவுக்காரர் அல்லாத ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை, தொலைபேசியிலாவது பிடித்துக் கொடுங்கள். எம்ஆர்ஐக்கான நாளையும் அன்றைக்கே குறித்துவிடுங்கள். அந்த வாழைப்பழப் படத்தைத் தமிழ் விளக்கத்தோடு ஒரே தாளில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள்.

பேத்தி பிறந்து நன்றாக இருக்கிறாள். கேட்பீர்கள் என்றுதான் சொல்கிறேன். அவள் நன்றாக இருப்பதால் என் புகார் குறைந்துவிடாது. அந்த அட்டை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மாதிரிக்கு வேண்டுமானால் நகலெடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி