இசட் போட்டால் அமெரிக்காவா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி போன வாரம் ஆங்கிலத் தேர்வுத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். 'ரியலைஸ்' என்ற சொல்லில் எஸ் வர வேண்டிய இடத்தில் இசட் போட்டிருக்கிறாளாம். சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் 'அமெரிக்கன்' என்று எழுதி அரை மார்க் குறைத்திருந்தார்கள். அரை மார்க் போனால் போகட்டும். அச்சகத்தில் 30 வருடம் புரூஃப் பார்த்தவன் நான், அந்தச் சுழி கண்ணை உறுத்துகிறது.

அந்த இசட் அமெரிக்காவில் பிறந்ததே இல்லை. கிரேக்கத்திலிருந்து வந்த விகுதி அது, பிரெஞ்சு வழியாக வந்தபோதுதான் எஸ் ஆனது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் புரட்டிப் பாருங்கள், ரியலைஸ், ஆர்கனைஸ் எல்லாவற்றுக்கும் இசட் போட்ட வடிவம்தான் முதலில் நிற்கும், எஸ் அதற்கு அடுத்துத்தான். இங்கிலாந்தில் இன்று எஸ் போடுகிறவர்களே அதிகம், மறுக்கவில்லை. ஆனால் இசட் போட்டால் தப்பு என்றால் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் அல்லவா அரை மார்க் குறைக்க வேண்டும்?

அதற்காக ஐஸ் என்று முடிகிற எல்லாச் சொல்லுக்கும் இசட் போட்டுவிடலாம் என்றும் இல்லை. சர்ப்ரைஸ், எக்ஸர்சைஸ், அட்வர்டைஸ் இவையெல்லாம் லண்டனிலும் எஸ்தான், நியூயார்க்கிலும் எஸ்தான். 'அனலைஸ்' இன்னும் வேடிக்கை, அதற்கு அமெரிக்காவில்தான் இசட், ஆக்ஸ்ஃபோர்டில் எஸ். ஆக, ஒரே பக்கத்தில் ரியலைஸுக்கு இசட்டும் அனலைஸுக்கு எஸ்ஸும் இருந்தால் அது கவனக்குறைவு இல்லை, ஆக்ஸ்ஃபோர்டு முறையே அப்படித்தான். இதில் நானே பலமுறை சறுக்கி முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

கலரில் யு இல்லாமல் எழுதுவது, சென்டரில் கடைசி இரண்டு எழுத்தை இடம் மாற்றுவது, இவற்றை வேண்டுமானால் அமெரிக்கன் என்று சொல்லுங்கள், நோவா வெப்ஸ்டர் 1828-ல் போட்ட அகராதி அவற்றை அங்கே நிலைநிறுத்திவிட்டது. ஆனால் மனிதர் சொன்னதையெல்லாம் அவர் ஊர்க்காரர்களே கேட்கவில்லை! பெண்களைக் குறிக்கும் 'விமன்' என்ற சொல்லைக் காதில் விழுகிறபடியே ஐ போட்டு, இரண்டு எம் போட்டு எழுதலாம் என்றார், யாரும் சீந்தவில்லை. மறுபக்கம், இங்கிலாந்தில் சாமுவேல் ஜான்சன் 1755-ல் போட்ட அகராதியில் மியூசிக் என்ற சொல்லின் கடைசியில் ஒரு கே உண்டு. வெப்ஸ்டர் அதை வெட்டினார், இன்றைக்கு லண்டனிலும் அந்தக் கே இல்லை.

அப்புறம் தீர்ப்பைச் சொல்லும் 'ஜட்ஜ்மென்ட்'. ஜி-க்குப் பிறகு இ இல்லாவிட்டால் அதுவும் அமெரிக்கன் என்று அடிக்கிறார்கள். நம் உச்ச நீதிமன்றம் அந்த இ இல்லாமல்தான் எழுதுகிறது, லண்டன் கோர்ட்டுகளும் அப்படித்தான்.

இதற்குச் செலவிடும் சிவப்பு மையை லைசென்ஸ், பிராக்டிஸ் பக்கம் திருப்பலாம். பிரிட்டிஷ் முறையில் பெயர்ச்சொல் என்றால் சி, வினை என்றால் எஸ். குழம்பினால் 'அட்வைஸ்' என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் போதும், அதில் பெயருக்கும் வினைக்கும் உச்சரிப்பே வேறு. அமெரிக்கர்களோ லைசென்ஸில் இரண்டுக்கும் எஸ், பிராக்டிஸில் இரண்டுக்கும் சி என்று வைத்திருக்கிறார்கள்.

ஒரே விடைத்தாளில் ஆர்கனைஸை ஓரிடத்தில் எஸ், அடுத்த வரியில் இசட் என்று மாற்றி மாற்றி எழுதினால் குறையுங்கள், அது நியாயம். பேத்தி அகராதியைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறாள். "ஆன்சர் கீயில் எஸ்தானே இருக்கிறது" என்று பதில் வந்ததாம். சரி, அந்த டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். ஆன்சர் கீ தயாரிக்கிறவர்கள் இந்த மாதிரிச் சொற்களுக்கு இரண்டு வடிவத்தையும் அச்சிட்டுவிட்டால் என்ன?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் ரீடர் ஒருவர்