தோற்றவரின் பொறுப்பு மட்டுமல்ல கட்சி ஒற்றுமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர் தேர்தல் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் தோற்றவர்கள் உடனடியாக வென்றவரின் பின்னால் அணிதிரண்டால்தான் கட்சி பொதுத் தேர்தலில் கரையேற முடியும் என்று வலியுறுத்துகிறது. பொறுப்பு முழுவதையும் தோற்ற தரப்பின் தலையில் கட்டும் இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

இப்படி அணிதிரள்வதற்கு முன்னுதாரணமாக எல்லோரும் காட்டுவது ஜனநாயகக் கட்சியின் 2008ஆம் ஆண்டுப் போட்டியைத்தான். ஜூன் 3 அன்று ஒபாமா, கட்சி மாநாட்டில் வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பேராளர்களில் தேவையான எண்ணிக்கையை எட்டினார். நான்கே நாளில் ஹிலாரி கிளிண்டன் போட்டியிலிருந்து விலகி அவரை ஆதரித்தார். அம்மாத இறுதியில், இருவரும் தலா 107 வாக்குகள் பெற்றிருந்த நியூ ஹாம்ப்ஷயரின் யூனிட்டி என்ற சிற்றூரில் ஒரே மேடையில் தோன்றினார்கள். படம் எடுக்கத் தோதான இடம்தான். ஆனால் அந்த மேடைக்கு முன்பே, விதிகளை மீறித் தேர்தலை முன்கூட்டி நடத்திய புளோரிடா, மிச்சிகன் மாநிலங்களின் பேராளர்களை என்ன செய்வது என்ற சச்சரவைக் கட்சியின் விதிமுறைக் குழு மே 31 அன்று பகிரங்கமாக விவாதித்து, ஒவ்வொருவருக்கும் அரை வாக்கு என்று முடித்து வைத்திருந்தது. ஹிலாரியின் பிரசாரக் கடனை அடைக்க ஒபாமா தானும் காசோலை எழுதிக் கொடுத்து, தன் ஆதரவாளர்களிடமும் நிதி கேட்டார். ஹிலாரியின் பெருந்தன்மையைப் போற்றுவோர் இவற்றைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

2016இல் உட்கட்சிப் போட்டியில் ஹிலாரியிடம் தோற்ற பெர்னி சாண்டர்ஸும் ஜூலை 12 அன்று ஹிலாரிக்கு முறைப்படி ஆதரவு தெரிவித்தார். அவர் வற்புறுத்திய 15 டாலர் குறைந்தபட்ச ஊதியமும் கட்சியின் கொள்கை அறிக்கையில் இடம்பெற்றது. பத்து நாள் கழித்து, நடுவராக நிற்க வேண்டிய கட்சித் தலைமையகத்தின் நிர்வாகிகள் சாண்டர்ஸுக்கு எதிராகப் பேசிக்கொண்ட மின்னஞ்சல்கள் அம்பலமாகி, கட்சித் தலைவர் பதவி விலக நேர்ந்தது. போட்டி நேர்மையாக நடக்கவில்லை என்று நம்பத் தொடங்கிய தொண்டர்களிடம் சாண்டர்ஸின் வேண்டுகோள் எந்த அளவுக்குச் செல்லும்? மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில், எல்லாமாகச் சேர்த்து 80,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ஹிலாரி அவ்வாண்டு அதிபர் தேர்தலை இழந்தார். அவ்வளவு நெருக்கமான தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று நான் கூற மாட்டேன். இதற்குப் பங்கே இல்லை என்றும் கூற முடியாது.

கட்சி ஓரளவு பாடம் கற்றது. மக்கள் வாக்கால் தேர்வாகாத சிறப்புப் பேராளர்கள், போட்டி நீடிக்கும் மாநாட்டின் முதல் சுற்றில் வாக்களிக்கக் கூடாது என்று 2018இல் விதி திருத்தப்பட்டது. மீண்டும் போட்டியிட்ட சாண்டர்ஸ் 2020 ஏப்ரல் 8 அன்று விலகியபோது, அவரை முந்தியிருந்த ஜோ பைடன் அவருடைய ஆதரவுக்காகக் கைகட்டிக் காத்திருக்கவில்லை. முதியோருக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீட்டின் வயது வரம்பை 65இலிருந்து 60ஆகக் குறைப்பதாக மறுநாளே அறிவித்தார். ஏப்ரல் 13 அன்று சாண்டர்ஸ் ஆதரவு தெரிவித்ததும், இரு தரப்பினரும் அமர்ந்து கொள்கை வகுக்க ஆறு கூட்டுக் குழுக்கள் அமைப்பது அறிவிக்கப்பட்டது.

கட்டுரையாளர் 1980ஆம் ஆண்டைச் சுட்டி, எட்வர்ட் கென்னடியின் உட்கட்சிப் போட்டியே அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டரைப் பொதுத் தேர்தலில் வீழ்த்தியது என்கிறார். நியூயார்க்கில் நடந்த கட்சி மாநாட்டின் இறுதி நாளில் கென்னடி மேடையில் கார்ட்டருடன் கைகோத்து உயர்த்தாமல் நழுவியது உண்மைதான். ஆனால் அவ்வாண்டு பணவீக்கம் 13 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது; ஈரானில் அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். 1979 கோடையிலேயே கார்ட்டரின் செல்வாக்கு சரிந்து கிடந்ததால்தான், பதவியில் இருக்கும் தன் கட்சி அதிபரையே எதிர்க்க கென்னடி துணிந்தார். பிளவு தோல்வியைக் கொண்டுவந்ததா, அல்லது வரவிருந்த தோல்வியே பிளவாக முன்கூட்டி வெளிப்பட்டதா என்ற கேள்வியைக் கட்டுரையாளர் எழுப்பாமலே விட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
மதுரை