வாளைவிட வாய்மை பெரிது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இடைக்கால ஐரோப்பிய நைட்டுகளின் கதை என்றாலே டிராகனைக் கொன்று இளவரசியை மீட்பதுதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த 'சர் கவெய்னும் பச்சை வீரனும்' என்ற ஆங்கிலக் காவியம் அப்படியல்ல. 2,530 அடிகள், கிடைத்திருப்பது ஒரே கையெழுத்துப் பிரதி.

ஆர்தர் மன்னரின் வீரன் கவெய்ன், ஒரு பந்தயத்தில் பச்சை வீரனின் தலையை வெட்டியதற்குப் பதில் வெட்டு வாங்கப் புறப்படுகிறான். அதில் உண்மையான சோதனை போர்க்களத்தில் இல்லை, வழியில் அவன் விருந்தாளியாகத் தங்கிய ஒரு பிரபுவின் கோட்டையில்தான். அன்றன்று கிடைத்ததை மாலையில் இருவரும் மாற்றிக்கொள்வது என்பது ஒப்பந்தம். மூன்று நாளும் பிரபு வேட்டையாடியதைத் தருகிறார்: மான், காட்டுப்பன்றி, நரி. அவர் மனைவி தந்த முத்தங்களை கவெய்ன் ஒன்று, இரண்டு, மூன்று எனத் திருப்பித் தருகிறான். உயிர் காக்கும் என்று அவள் கொடுத்த பச்சை இடைக்கச்சையை மட்டும் ஒளித்துவிடுகிறான். அந்தப் பிரபுவே பச்சை வீரன் என்பது பிறகுதான் தெரிகிறது. கச்சையை ஒளித்ததற்காகத்தான் அவரது கோடரியின் மூன்றாம் ஓங்கலில் அவன் கழுத்தில் சிறு கீறல். முதல் இரண்டும் தோலைத் தொடவே இல்லை!

சிறுவர் பதிப்புகள் இந்த மூன்று நாட்களைச் சுருக்கினால், அந்தக் கீறல் எதற்கென்றே பிள்ளைகளுக்குப் புரியாது. தயவுசெய்து அதை முழுதாகத் தாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்