பாதியில் விடப்பட்ட கூரை வேலையை அளந்து, பணப் பிணக்கைத் தீர்க்க உதவுமாறு கோரும் மனு

08.09.2025

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
ஒட்டுசுட்டான்.

ஊடாக: கிராம அலுவலர்

மதிப்பிற்குரிய ஐயா,

முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் குடும்பம் எங்களுடையது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் மானியம் பெற்றுக் கட்டிய வீட்டில் இருக்கிறோம். வன்னி முழுவதும் ஒரே நேரத்தில் வீடுகள் எழுந்த காலம் அது. காய்ந்த மரம் கிடைப்பதே அரிது. கிடைத்ததைத்தான் எல்லோரும் கூரையில் ஏற்றினோம். இப்போது கறையான் தின்று, கைமரங்கள் உள்ளே கோறையாகிவிட்டன. எங்கள் வரிசையில் பல வீடுகளுக்கு இதே கதிதான்.

கடந்த யூன் மாதம் எங்கள் கூரையைப் புதுப்பிக்க ஒரு கொந்தராத்துக்காரருடன் பேசினோம். பழைய மரத்தை இறக்கி, புது வளையும் கைமரமும் சிலாகையும் போட்டு, ஓடு வேய்ந்து, முகட்டோடு பூசி, பின்சுவர் வெடிப்பையும் அடைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். மரமும் கூலியும் சேர்த்து 480,000 ரூபாய். காலபோக நெல் விற்ற காசும் நகை அடகு வைத்த காசுமாக மூன்று தவணையில் 360,000 ரூபாய் கொடுத்துவிட்டோம். ஒவ்வொரு தவணைக்கும் கொப்பியில் அவருடைய கையொப்பம் இருக்கிறது.

யூலை கடைசியில் வேலை நின்றது. முன்பக்கத்தில் வளை ஏறியிருக்கிறது, கைமரம் பாதி. நடு அறைக்கும் குசினிக்கும் மேலே வானம்தான். தறப்பாள் கட்டியிருக்கிறோம், காற்று அடித்தால் இரவு முழுவதும் படபடக்கிறது. இறக்கிய ஓடுகள் முற்றத்தில் அடுக்கியபடி கிடக்கின்றன. உடைந்தவை எத்தனை என்று இனிமேல்தான் எண்ண வேண்டும்.

மீதி 120,000 ரூபாயையும் கையில் வைத்தால்தான் ஆட்களைக் கொண்டு வருவேன் என்கிறார் அவர். மரவிலை ஏறிவிட்டதாம். ஏறியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முக்கால் பங்கு பணம் போய்விட்டது. முக்கால் பங்கு கூரை எங்கே என்பதுதான் என் கேள்வி. பெண் பனை தறிக்க அனுமதி கிடைக்கவில்லை என்று இன்னொரு காரணமும் சொல்கிறார். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். அப்படி ஒரு விண்ணப்பம் அவருடைய பெயரில் உண்மையிலேயே கொடுக்கப்பட்டதா என்பதைத் தங்கள் அலுவலகப் பதிவேட்டைப் பார்த்து அறிவித்தால், அந்தப் பேச்சு ஒன்றாவது முடிந்துவிடும்.

பொலிஸில் சொன்னோம். இது கொடுக்கல் வாங்கல் விடயம், மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்றார்கள். அது சரியான வழிதான். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை. சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை, ஏழைக்குக் கட்டுப்படியாகும் இடம். ஆயினும் அங்கே போய் நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, நடுவில் இருப்பவர்கள் எதை வைத்துத் தீர்ப்பார்கள்? எங்களிடம் முத்திரை ஒட்டிய ஒப்பந்தம் இல்லை. இந்தப் பகுதியில் கூரை வேலைக்கு அப்படி எழுதுபவரும் இல்லை. இருப்பது கொப்பியும் சுவரும்தான். வளை எத்தனை அடி, கைமரம் எத்தனை, எந்தக் கனம் என்று பின்சுவரிலேயே தச்சுப் பென்சிலால் அவர் கணக்குப் போட்டார். அதற்குக் கீழே 480 (ஆயிரம் ரூபாய்) என்று எழுதி வட்டமும் இட்டார். வெடிப்பு அதன் குறுக்காக ஓடினாலும் எழுத்து தெளிவாகவே இருக்கிறது. அந்த இடத்தில் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்கிறேன். படம் இணைத்துள்ளேன்.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். தங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பி, இதுவரை ஏறிய மரத்தையும் நடந்த வேலையையும் இரு தரப்பினர் முன்னிலையில் அளந்து, அதன் பெறுமதியை எழுத்தில் தரச் செய்யுங்கள். வீட்டுத்திட்டக் காலத்தில் அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாக வந்து பார்த்த பிறகுதான் எங்களுக்கு அடுத்த தவணை விடப்பட்டது. அந்த முறையில் குறை சொன்னவர் யாரையும் நான் அறியேன். இது தனியார் வீட்டு வேலை, அலுவலகத்தின் கடமையில் வராது என்று யாராவது சொல்லக்கூடும். அதற்குரிய கட்டணம் இருந்தால் செலுத்துகிறேன்.

அளவில் அவருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று வந்தால் கொடுப்பேன். எனக்கு வர வேண்டியிருந்தால் அவர் பணமாகவோ வேலையாகவோ தரட்டும். அவர் பிழைப்பைக் கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. பிள்ளைகுட்டிக்காரர், நாளைக்கும் இதே ஊரில்தான் வேலை செய்யப் போகிறார்.

தாமதம் வேண்டாம் என்று கேட்பதற்கு இரண்டு காரணம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சேவை பற்றிய முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு அந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றது மாரி. ஐப்பசி மழை பிடித்தால் தறப்பாள் தாங்காது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளின் புத்தகங்களை இப்போதே தங்கை வீட்டில் வைத்திருக்கிறோம். மாரிக்கு முன் அளவு முடிந்தால், வேறு ஓடாவியாரைப் பிடித்தாவது கூரையை மூடிவிடுவேன். அளக்காமல் மூடினால் இவர் செய்தது எது, அவர் செய்தது எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கொப்பியின் பிரதி, சுவரின் படம், கொந்தராத்துக்காரரின் பெயர் விலாசம் எழுதிய தாள், எனது அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். உத்தியோகத்தர் வரும் நாளை கிராம அலுவலர் மூலம் அறிவித்தால், கொந்தராத்துக்காரரையும் அழைத்து வைத்திருப்பேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,

(கையொப்பம்)