அப்பத்தாவின் இடது கை

காரைக்குடி
ஞாயித்துக்கிழமை ராத்திரி

மாப்ளே,

நலம். நீயும் வீட்டுல எல்லாரும் நலந்தானே? ஆடியில நீ போட்ட கடிதத்துக்கு மாசி முடியிற நேரத்துல பதில் எழுதுறேன். திட்டுறதைச் சேர்த்து வச்சு நேர்ல வரும்போது மொத்தமாத் திட்டு. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு. ட்ராயிங் வாத்தியாரைச் சந்தையில பார்த்தேன். "எங்கடா உன் கூட்டாளி"ன்னு உன்னைத்தான் கேட்டாரு. இத்தனை வருஷமா படம் போட்டுப் பிழைக்கிறவன் நான், விசாரிப்பு உனக்கு. பணியாரச் சட்டி விஷயம் இன்னும் யாருக்கும் தெரியாது, பயப்படாதே.

சொல்ல வந்தது வேற. குழந்தைங்க புத்தகம் ஒண்ணுக்குப் படம் போடுறேன். பெரிய வீட்டுல தனியா இருக்குற ஆச்சி ஒருத்தவுக சாவிக்கொத்தைத் தொலைச்சுட்டு வீடு பூராத் தேடுறாக. அவ்வளவுதான் கதை. எழுதினது வேற ஆள். "உங்க ஊரு வீடு, நீங்க கண்ணை மூடிக்கிட்டே வரைஞ்சிருவீங்க"ன்னு சொல்லி வேலையைக் கொடுத்தாங்க. நாலு மாசமா முழி பிதுங்குது.

மொத்தம் 32 பக்கம். ஒரு தாளை ரெண்டு பக்கமும் அச்சடிச்சு மடிச்சா 16 பக்கம், அந்த மாதிரி ரெண்டு தாள். தலைப்பு, முன்பக்கம் அது இதெல்லாம் போக எனக்கு மிஞ்சினது 14 விரிப்பு. புத்தகத்தைத் திறந்தா எதிரெதிரா வர்ற ரெண்டு பக்கம் சேர்ந்தது ஒரு விரிப்பு. எப்பவும் போல முதல்ல தீப்பெட்டி அளவுல பென்சில் கிறுக்கல் போட்டுச் சுவத்துல வரிசையா ஒட்டினேன். பிரமாதமா இருந்துச்சு. தீப்பெட்டிக்குள்ள எவனும் ரவிவர்மாதான்.

பெருசு பண்ணும்போதுதான் வினை. உங்க வீட்டு முகப்புல நின்னு உள்ள பார்த்தா முத்தம் வச்ச வளவு, ரெண்டாம் கட்டு, மூணாம் கட்டு, பின்வாசல்னு அத்தனை வாசல் நிலையும் ஒரே நேர்கோட்டுல நிக்குமே, ஞாபகம் இருக்கா? எல்லாக் கோடும் ஓடிப் போய்ப் பின்வாசல் வெளிச்சத்துல ஒரே புள்ளியில முடியும். படம் போடுறவனுக்கு லட்டு மாதிரி. நான் அதுல தலைகுப்புற விழுந்தேன். பர்மா தேக்குத் தூண் ஒவ்வொண்ணுக்கும் நிழல் போட்டேன், தரையில கல்லுக் கல்லா ஸ்கேல் வச்சுக் கோடு இழுத்தேன். முதல் விரிப்புக்கு மட்டும் 9 நாள். முடிச்சுட்டு எந்திரிச்சுத் தள்ளி நின்னு பார்த்தா ஆச்சியைக் காணோம்! இருக்காக, மூணாவது தூணுக்குப் பக்கத்துல. ஆனா கண்ணு அவுக மேல நிக்கவே மாட்டேங்குது. வீடு விக்கிற விளம்பரத்துல யாரோ வழி தெரியாம வந்து நின்ன மாதிரி. அதைவிடக் கேவலம், அவுக மூஞ்சி சரியா நடு மடிப்புல. தைச்சா மூக்கு உள்ள போயிரும். புதுசா வந்த பையன் கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

இப்படியே ஆறு விரிப்பு போச்சு. கிழிக்கல. 300 ஜிஎஸ்எம் கெட்டித் தாள், விலை அப்படி. திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தை வச்சுக்கலாம்.

வெறுத்துப் போய் வண்டியை எடுத்துக்கிட்டு ஆத்தங்குடிக்குப் போனேன். தரைக் கல்லோட நிறத்தைச் சரி பார்க்கணும்னு எனக்கே ஒரு சாக்கு. பட்டறையில ஒரு அண்ணன் வேலை செஞ்சுக்கிட்டு இருந்தாரு. கண்ணாடியைத் துடைச்சுக் கீழ வைக்கிறாரு, மேல சட்டம், அதுக்குள்ள பூ அச்சு. ஒவ்வொரு அறையிலயும் கரண்டியால கலர் சிமெண்டுக் குழம்பை ஊத்துறாரு. அச்சைத் தூக்கினா சிவப்பும் மஞ்சளும் ஒட்டிக்கிட்டு நிக்குது. மேல சிமெண்டும் மணலும் தூவி, கலவையை வச்சு, கொல்லுறால மட்டம் பண்ணி ஓரமா வச்சுட்டாரு. பூ அடியில கண்ணாடிப் பக்கம் இருக்கு, பார்க்க முடியாது. சூளையில சுடுறதும் இல்ல. தண்ணியில ஊறிக் காய்ஞ்சு, கண்ணாடி கழண்டாத்தான் முகமே தெரியும். ஒரு கல்லுல சிவப்பு கொஞ்சம் மஞ்சளுக்குள்ள ஓடியிருச்சு. பதறிப்போய்க் காட்டினேன். "இருக்கட்டும் தம்பி, கால் பட்டுப் பட்டுச் சரியாப் போகும்"னாரு. அடுத்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிச்சுட்டாரு.

வந்து ஸ்கேலைத் தூக்கிப் பரண்ல போட்டேன். தாளை நல்லா நனைச்சு, தரைக்குச் செங்காவியும் மஞ்சளும் அப்படியே ஓட விட்டேன். ஆச்சி உக்கார்ற இடத்துல மட்டும் நாலு கல்லுக்குப் பூ. தூண் ரெண்டே ரெண்டு, அதுவும் பாதி பாதி. மை தொட்டு எழுதுற நிப்பை ஆச்சிக்கு மட்டும்தான் எடுத்தேன். இப்ப வீடு அடங்கி உக்காந்துருச்சு.

இனிமேதான் நான் உன்கிட்ட ஒத்துக்க வேண்டியது. ஆச்சி முகத்துக்கு எத்தனையோ போட்டோ பார்த்து வரைஞ்சேன், எல்லாம் ஊறுகாய் விளம்பரத்துப் பாட்டியாவே வந்துச்சு. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு, யோசிக்காம, காலை நீட்டி உக்காந்து ஓலைக் கொட்டான் கூடை முடையிற ஒரு உருவத்தைப் போட்டேன். போட்டு முடிச்சுப் பார்த்தா உங்க அப்பத்தா. அந்த உதட்டைச் சுழிக்கிறது, இடுப்புல சாவி, எல்லாம். "போர்டுக்காரர் மகனே, இந்தா"ன்னு பழைய பேரேட்டுல எழுதாத தாளாப் பார்த்துக் கிழிச்சுக் குடுப்பாகளே, அதே பார்வை. நான் முதமுதல்ல படம் போட்ட தாள் அதுதான் மாப்ளே. வரவு பத்துன்னு கோடு போட்ட பக்கத்துல யானை வரைஞ்சேன். எங்க வீட்டுல அப்பா கடை போர்டு எழுதி மிஞ்சின பெயிண்டைக் கூடத் தொட விட மாட்டாரு.

கேக்காம வரைஞ்சது தப்புதான். அச்சாகி நாலு ஊருக்குப் போற முகம். நீ சரின்னாலும் உங்க சித்தப்பாமாருக, அத்தை என்ன சொல்லுவாகன்னு தெரியல. போன வாரம் அந்த வழியா வந்தேன். பங்காளிக எத்தனை புள்ளியோ, எத்தனை குடும்பமோ, அத்தனை பூட்டு உங்க வளவுல இருக்குன்னு எதுத்த வீட்டுக்காரர் சொன்னாரு. நான் திண்ணையில அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு வந்துட்டேன். அதைப் பத்தி நீயா எழுதினா எழுது, நான் கேக்கல.

வேண்டாம்னா வேண்டாம்னு எழுது. மூக்கை மாத்தி, உதட்டை மாத்திடுவேன், எட்டு விரிப்பு திரும்பப் போடணும், போடுறேன். கோவிச்சுக்க மாட்டேன். கொஞ்ச நாள் உம்முன்னு இருப்பேன்.

சரின்னா ஒரு உதவி. கொட்டான் முடையும்போது ஓலையை இடது கையால இழுக்குற மாதிரி வரைஞ்சிருக்கேன். என் கண்ணுக்குள்ள அப்படித்தான் இருக்கு. ஆனா நான் எப்பவும் அவுகளுக்கு எதுக்க உக்காந்து பார்த்தவன், இடம் வலம் மாறிப் பதிஞ்சிருக்கலாம். நீ மடியில கிடந்தவன். எந்தக் கை? அத்தைகிட்ட கேட்டாவது பங்குனிக்குள்ள எழுது.

உன்
போர்டுக்காரர் மகன்